மாதிரி ரயில் நிலையங்களின் கூரை: தீட்டியதிலிருந்து வேய்ந்தது வரை

ரயில் நிலையத்துப் பிளாட்பாரத்தில் வண்டிக்குக் காத்து நிற்பவன் அந்நிலையத்தின் சுவரையும், தூண்களையும், கடிகாரத்தையும், டிக்கெட் ஜன்னலையும் காண்கிறானேயன்றி, அதன் கூரையை முழுமையாகக் காண்பது அபூர்வம். அதே நிலையத்தை ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசையின் மேல் வைத்துவிட்டாலோ, நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. மேசைக்கு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து அதைப் பார்க்கும் கண், மெய்யான நிலையத்தை 76 மீட்டர் உயரத்திலிருந்து நோக்கும் கண்ணுக்குச் சமானமாகிறது. அக்கண்ணுக்கு முதலிற் படுவது கூரை. பிறகும் நெடுநேரம் படுவது கூரை. சுவர்களோ அதன் நிழலில் ஒதுங்கி நிற்பவை. இவ்வளவு பிரதானமான அங்கம், மாதிரி ரயில் பாதைக் கலையின் ஆதி நாட்களில் மிகக் குறைந்த சிரத்தையையே பெற்றது என்பது வியப்புக்குரிய விஷயம். அந்த அலட்சியம் நீங்கிய சரித்திரத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தகரம், காகிதம், பிளாஸ்டிக் என்று சாதனங்கள் மாறிய கதையாகவே இதனைச் சொல்லுவது வழக்கம். என் அபிப்பிராயத்தில், சாதனங்களின் மாற்றத்தைவிட முக்கியமானது, கூரையைத் தீட்டிக் காட்டிய கைவினைஞன் கூரையை வேயத் தொடங்கிய மாற்றமேயாகும்.

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859இல் தோன்றிய மெர்க்லின் நிறுவனம், 1891இல் லைப்சிக் சந்தையில் எட்டு வடிவத் தண்டவாளத்துடன் கூடிய ரயில் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. அக்காலத்தில் அந்நிறுவனமும், நூரம்பர்க் நகரத்துப் பிங் முதலான நிறுவனங்களும் செய்து விற்ற நிலையங்கள் ஈயம் பூசிய தகரத்தாலானவை. முதலிற் கையால் வர்ணம் தீட்டப்பட்டு, பின்னர் கல்லச்சு முறையில் வர்ணம் அச்சிடப்பட்ட அத்தகட்டை அச்சுப்பொறியில் அழுத்தி மடித்தால் கூரை ஆயிற்று. உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றி ஜன்னல்களில் வெளிச்சம் தெரியச் செய்த நிலையங்களும் உண்டு. ஓடுகளின் வரிசை அத்தகட்டின் மேல் ஒரு சித்திரமாகவே இருந்தது. ஒவ்வோர் ஓட்டின் கீழும் ஓவியன் தீட்டிய நிழல், அறையின் விளக்கு எப்பக்கம் இருந்தாலும், தான் பிறந்த திசையிலேயே நிலைத்து நின்றது. இதனைக் குறையென்று இகழ்வது நியாயமாகாது. அவை குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள். எஞ்சினுக்கும் நிலையத்துக்கும் ஒரே விகிதம் வேண்டும் என்ற எண்ணமே அன்று வலுப்பெற்றிருக்கவில்லை.

விகிதம் என்ற கண்டிப்பு இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஏ. சி. கால்ம்பாக் 1934இல் 'மாடல் ரெயில்ரோடர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அந்நகரில் தேசிய மாதிரி ரயில் சங்கம் உருவாயிற்று. ஓரடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற எச்.ஓ. அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு, அமெரிக்காவிலும் ஐரோப்பாக் கண்டத்திலும் வேரூன்றியது. இங்கிலாந்தில் 4 மில்லிமீட்டர் அளவு நிலைபெற்றது. விகிதம் நிச்சயமானவுடன் கூரையும் அளவுகோலுக்கு உட்பட்டது. ஆயினும் பெரும்பான்மையோர் கையாண்ட உபாயம் பழையதே. சிலேட்டுக் கல்லையோ ஓட்டையோ வர்ணத்தில் அச்சிட்ட காகிதத்தை அட்டையின் மேல் ஒட்டினார்கள். தகரத்தின் மேல் இருந்த சித்திரம் காகிதத்தின் மேல் இடம் மாறியது, அவ்வளவே.

இக்காகிதத்தை மேலிருந்து ஒரு கண் நோக்கும்பொழுது எது குறைகிறது என்பதை அறிய, மெய்யான சிலேட்டுக் கூரையின் லட்சணத்தை அறிய வேண்டும். வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் கற்களுக்குப் பிரபுக் குடும்பத்துச் சீமாட்டிகளின் பட்டப் பெயர்களை இட்டு அழைப்பது அத்தொழிலின் மரபு. 24 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடையது 'டச்சஸ்'. 20 அங்குலமும் 10 அங்குலமும் உடையது 'கவுண்டஸ்'. கீழ் இறவானத்தில் தொடங்கி முகட்டை நோக்கி, ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் இணைப்புகளை மூடும்படி இவை அடுக்கப்படுகின்றன. மூன்றாம் வரிசை முதல் வரிசையின் தலையையும் மூன்று அங்குலம் கவிந்து நிற்க வேண்டுமாதலால், 'கவுண்டஸ்' கல்லில் வெளியே தெரிவது எட்டரை அங்குலமே. கல்லின் கனமோ சுமார் 5 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் விகிதத்தில் இக்கணக்கை இறக்கினால், அகலம் மூன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். வெளியே தெரியும் பாகம் சுமார் 2.8 மில்லிமீட்டர், கனம் ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு. அந்தக் கனம் இல்லாமற் போவதே அச்சுக் காகிதத்தின் குறை. சாய்ந்த வெளிச்சம் கூரையின் மேல் விழும்போது வரிசைதோறும் ஒரு மெல்லிய நிழற்கோடு தோன்ற வேண்டும். அச்சுக் காகிதத்தில் அது தோன்றுவதில்லை.

நாம் கடிதம் எழுதும் சாதாரணக் காகிதத்தின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அதனை 76 மடங்கு பெருக்கினால் ஏழரை மில்லிமீட்டர் வரும். சற்றுத் தடித்த சிலேட்டுக் கல்லின் கனம் அது. சிலேட்டின் சித்திரத்தைத் தாங்குவதற்காகத் தேடப்பட்ட அதே காகிதம், சிலேட்டாகவே இருக்கத் தகுதியுடையது என்பதை உணர்ந்தவர்கள் கண்டுபிடித்த முறை இன்றுவரை மாறவில்லை. காகிதத்தை நீண்ட நாடாக்களாக வெட்டி, ஒரு விளிம்பில் கற்களின் அகலத்துக்கு ஏற்ப நாடாவின் பாதிக்குமேல் கத்தியாற் கீறி, வெட்டப்படாத விளிம்பு முகட்டை நோக்கியிருக்க, இறவானத்திலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே மேலேற வேண்டும். ஒவ்வொரு வரிசையும் அரைக் கல் அகலம் தள்ளி அமைதல் வேண்டும். முதல் வரிசையின் அடியில் ஒரு குறுகிய நாடா வைக்கத் தவறினால் இறவானத்து விளிம்பு சோர்ந்து தொங்கும். மெய்யான கூரைத் தொழிலாளியும் அவ்விடத்தில் முதல் வரிசையின் அடியில் குட்டைக் கற்களை வைத்து இரட்டிப்பது வழக்கம். மாதிரி செய்பவன் கூரைத் தொழிலாளியின் வேலையைச் செய்யும்போது அவனுடைய இடர்ப்பாடுகளையும் அவற்றுக்கு அவன் கண்ட பரிகாரங்களையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறான் என்பது இதனால் விளங்கும்.

இம்மாற்றத்தை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர்களுள் இருவரை விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். முதல்வர் ஜான் ஏஹர்ன். தம் 'மேடர் வேலி' ரயில் பாதையை இவர் 1930களின் பிற்பகுதியில் நிர்மாணிக்கத் தொடங்கினார். எஞ்சின்களே ரயில் மாதிரிக் கலை என்று எண்ணப்பட்ட நாளில், ஊரும் துறைமுகமும் வயலும் கூடிய ஒரு தேசத்தின் நடுவே ரயிலை ஓடவிட்டவர் இவர். இவருடைய 'மினியேச்சர் பில்டிங் கன்ஸ்ட்ரக்ஷன்' என்ற நூல், கட்டடம் செய்வதை ஒரு தனி வித்தையாகப் பாவித்து எழுதப்பட்டது.

மற்றவர் ராய் இங்கிலாந்து. பெயரில் இங்கிலாந்து இருந்தாலும் பிறப்பால் ஆஸ்திரேலியர். இளைஞராக 1925இல் இங்கிலாந்துக்கு வந்த இவர், ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் வைக்கோற்கூரை வீடுகளில் மனத்தைப் பறிகொடுத்தார். அவ்வீடுகள் கண்ணெதிரே மாறி அழிவதைக் கண்டு, எஞ்சியவற்றை விகிதம் பிசகாமல் மாதிரியிலாவது காப்பாற்ற வேண்டும் என்று சங்கற்பித்துக்கொண்டார். அச்சங்கற்பத்தின் பயனே 1954இல் ஆக்ஸ்போர்டுக்கு அருகில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உருவான பெண்டன் காட்சிசாலை. ஏஹர்னின் ரயில் பாதையும் பின்னாளில் இங்கேயே அடைக்கலம் புகுந்தது. பெண்டனில் வைக்கோற்கூரைக்குக் குழாய்த் தொழிலாளிகள் இணைப்புகளில் சுற்றும் சணல் போன்ற நார் பயன்பட்டது. அந்நாரைச் சிறு கற்றைகளாக எடுத்து, ஒட்டி, கத்தரித்து, முகட்டில் மெய்யான வேய்வோன் வெட்டும் அலங்கார விளிம்பையும் வெட்டி, பிறகு நீர்வர்ணத்தால் புதிய கூரைக்கு மஞ்சளும் பழைய கூரைக்குச் சாம்பல் நிறமும் ஏற்றினார்கள். எந்தக் கூரை எத்தனை ஆண்டு மழையை வாங்கியது என்று தீர்மானித்த பிறகே தூரிகையை எடுத்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அவ்வளவு நிதானம் அவ்வேலையிலே தெரிகிறது.

இத்தகைய நிதானத்துக்கு அவகாசம் இல்லாதவர்களே எங்கும் மிகுதி. அவர்களுக்குப் பிளாஸ்டிக் வந்தது. கறுப்புக் காட்டுப் பகுதியிலுள்ள கூட்டன்பாக் என்ற ஊரில், எட்வின், ஹெர்மன் என்ற சகோதரர்கள் 1946இல் தொடங்கிய ஃபாலர் நிறுவனம், மரத்தையும் அட்டையையும் விட்டு 1950களில் பாலிஸ்டைரீன் கட்டடத் தொகுதிகளுக்கு மாறியது; பிற நிறுவனங்களும் அவ்வழியிலே சென்றன. ஓட்டின் வளைவு, இணைப்பு, முகட்டு ஓடு அனைத்தும் அச்சிலேயே வார்க்கப்பட்டு, நிழல் தானாகவே விழுந்தது. இது உண்மையான லாபம். ஆனால் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் தடையின்றிப் பாய, தகடு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும், எச்.ஓ. விகிதத்தில் அது 87 மில்லிமீட்டர். இறவானத்து விளிம்பு மரக்கட்டைபோல் தடித்துத் தோன்றும். விஷயமறிந்தோர் அவ்விளிம்பை அடிப்புறமாகச் சாய்த்து அரத்தால் அராவி, மேலிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கத்தி முனைபோல் ஆக்கிவிடுவர். ஒளி ஊடுருவாதபடி உட்புறத்தில் கறுப்பு வர்ணம் பூசுவதும் அவர்கள் வழக்கம். இல்லையேல் உள்ளே விளக்கேற்றியதும் கூரை முழுவதும் காகிதக் கூண்டைப்போல் ஒளிரும்.

அமெரிக்காவில் இக்கலை வேறு திசையிற் சென்றது. அங்கே வைக்கோல் அபூர்வம், மரச்சில்லும் தார்த்தாளும் நெளிதகரமும் சர்வசாதாரணம். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் 'கோர் அண்ட் டிஃபீடட்' பாதையை அமைத்த ஜான் ஆலன் ஒளிப்படக் கலைஞர். புகையும் துருவும் படிந்த பழமையை மாதிரிக் கட்டடத்துக்கு ஊட்டும் வித்தையைப் பரவச் செய்த பெருமை பெரும்பாலும் அவருடையது. 1973 ஜனவரியில் அவர் மறைந்த சில நாட்களிலேயே அப்பாதையும் தீக்கு இரையாயிற்று. இத்துறையின் ஈடுசெய்ய முடியாத நஷ்டங்களுள் அதுவும் ஒன்று. தார்த்தாள் கூரைக்கு மெய்யான தாளின் மூன்றடி அகலத்தைப் பத்தரை மில்லிமீட்டராகக் கணக்கிட்டு, கறுப்புக் காகிதத்தை நாடாக்களாக்கி, விளிம்பு விளிம்பின் மேல் கவிய ஒட்டி, இணைப்புகளில் தார் வழிந்த கோட்டைப் பளபளப்பான கறுப்பால் தீட்டி, நடுவில் வெயிலில் வெளுத்த சாம்பலைச் சுண்ணப் பொடியால் தேய்ப்பார்கள். மரச்சில்லுக்குக் கேம்பல் நிறுவனம் பல்வெட்டிய பசைக் காகித நாடாக்களைச் சுருள்களாக விற்றது. நெளிதகரத்துக்கு மெல்லிய அலுமினியத் தாளை நெளித்துத் தந்தது.

அந்த அலுமினியத் தாளில் நிகழும் ஒரு ரசாயனக் காரியம் சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. மின்சுற்றுத் தகடுகளை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடு திராவகத்தில் அத்தாளின் சிறு துண்டை இட்டால், சற்று நேரம் ஒன்றும் நிகழாததுபோல் இருந்து, திடீரென்று நுரைத்துச் சூடேறும். அக்கணத்தில் இடுக்கியால் எடுத்து நீரில் அலம்பாவிடில் தாள் முழுவதும் கரைந்துபோகும். தக்க தருணத்தில் எடுத்தாலோ, ஓரங்கள் அரித்து, இங்குமங்கும் ஊசித்துளைகள் விழுந்து, பல ஆண்டு மழையில் நின்ற தகரத்தின் தோற்றம் வந்துவிடும். காற்றோட்டமான இடமும் கண்ணுக்குக் காப்பும் கையுறையும் இதற்கு அவசியம். 1967இல் ஜார்ஜ் செல்லியோஸ் மாசசூசெட்சில் நிறுவிய ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் வெளியிட்ட கட்டடத் தொகுதிகள், ஒட்டுப்போட்ட தார்த்தாளும் வளைந்த முகடும் உதிர்ந்த மரச்சில்லும் உள்ள கூரையையே ஒரு தனி அழகாக மதிக்கும் ரசனையை வளர்த்தன. அந்த ரசனை சில கைகளில் மிகையாகி, ஒழுகாத கூரையே இல்லாத ஊர்களையும் தோற்றுவித்தது என்பதை மறுப்பதற்கில்லை. வருமானம் உள்ள ரயில் கம்பெனி தன் சரக்குக் கிடங்கின் கூரையை அவ்வளவு தூரம் விட்டுவைத்திராது.

அண்மைக் காலத்து லேசர் வெட்டு, கத்தியாற் கீறும் உழைப்பைப் போக்கிவிட்டது. பின்புறம் பசையுள்ள மெல்லிய அட்டையில் சிலேட்டு வரிசைகள் வெட்டப்பட்டே வருகின்றன. கருகிய ஓரத்தை மட்டும் வர்ணத்தால் மறைக்க வேண்டும். முப்பரிமாண அச்சு இத்துறைக்கு அவ்வளவு அனுகூலமாக இல்லை. படலம் படலமாகப் பொருளை எழுப்பும் அக்கருவி, கூரையின் சாய்வில் நுண்ணிய படிக்கட்டுகளை விட்டுச் செல்கிறது. தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிட்டால் அது குறைகிறது, ஆயினும் கனம் பழையபடி ஓடிவந்து நிற்கிறது. ஆகவே சிலேட்டுக் கூரைக்கு இன்றும் காகித நாடாவையே தேர்ந்தவர்கள் நாடுகிறார்கள். ஒட்டி முடித்தபின் பத்தில் ஒரு கல்லுக்கு நீலம், வேறொன்றுக்கு ஊதா என்று தனித்தனியே சாயல் மாற்றுகிறார்கள். ஆணி துருப்பிடித்து நழுவிய கல் ஒன்றை வரிசைக்குக் கீழே அரை மில்லிமீட்டர் இறக்கி வைக்கிறார்கள். நழுவிய கல்லைத் திரும்ப நிறுத்தும் கூரைத் தொழிலாளி அதன் அடியில் ஓர் ஈயப் பட்டையைச் செருகி நுனியை மேல்நோக்கி மடித்துவிடுவான். அதையும் ஒரு மயிரிழைக் காகிதத்தாற் செய்து, ஈயத்தின் வெளிறிய சாம்பல் நிறத்தைத் தொட்டு வைத்துவிடுகிறார்கள்.