உக்கிராணக்காரன் கணக்கு

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. அதனை உறுதியின் மொழியாகக் கூறுவாரும் உளர். சோம்பலுக்குப் போர்வையாகக் கொள்வாரும் உளர். கிறிஸ்தவ சமயத்தாரிடையேயும் இவ்விரு வகையினரும் எக்காலத்தும் இருந்து வந்திருக்கின்றனர். ஆகாயத்துப் பறவைகளைப் பிழைப்பூட்டும் தேவன் தம்மையும் கைவிடார் என்று சொல்லிக் கைகட்டி இருந்தோர் ஒரு சாரார். அதே போதனையை நம்பி, இரவு பகல் உழைத்துப் பிறர் பசி தீர்த்தோர் மற்றொரு சாரார். இவருள் அப்போதனையின் பொருளறிந்தோர் யாவர் என்பதைச் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

முதற்கண் வேதாகமம் கூறுவதைக் காண்போம். வனாந்தரத்தில் இஸ்ரவேலர்க்கு மன்னா என்னும் உணவு வானினின்று வந்தது என்பர். ஆயினும் அது கூடாரத்துள் வந்து கலத்தில் விழவில்லை. விடியற்காலையில் எழுந்து வெளியே சென்று அவரவரே பொறுக்கிக்கொள்ள வேண்டும். வெயில் ஏறின் உருகிப்போம். எகிப்தில் யோசேப்பு பஞ்சத்தை முன்னறிந்தபோது, ஏழாண்டு விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் செய்தான். பவுல் அப்போஸ்தலர் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். தெசலோனிக்கேயர்க்கு எழுதிய நிருபத்தில் வேலை செய்யாது திரிவோரைக் கடிந்துகொண்டார். இவற்றையெல்லாம் ஒருங்கே விளக்கும் சொல் ஒன்று தமிழ் வேதாகமத்தில் உண்டு. அஃது உக்கிராணக்காரன் என்பது. உக்கிராணம் என்பது பண்டசாலை. அங்குள்ள சரக்கு எஜமானுடையது. திறவுகோலும் கணக்கும் உக்கிராணக்காரனுடைய பொறுப்பு. சரக்கு தனதன்று ஆதலின் அவன் செருக்குறுதற்கு இடமில்லை. கணக்கு தன்னிடம் உள்ளதாதலின் உறங்குதற்கும் இடமில்லை.

நிற்க. இக்கருத்தைச் செயலில் காட்டிய மூவரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். மூவரும் ஜெர்மனியில் ஹாலே என்னும் நகரோடு தொடர்புடையோர்.

முதல்வர் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே. ஹாலேயை அடுத்த கிளௌகா என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் குருவாக இருந்தார். 1695-ஆம் ஆண்டு உயிர்த்தெழுந்த திருநாட் காலத்தில், அவர் இல்லத்து உண்டியில் யாரோ ஒருவர் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் இட்டிருக்கக் கண்டார். அச்சிறு தொகையைத் தேவன் தந்த மூலதனமாகக் கொண்டு ஏழைச் சிறுவர்க்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1698-இல் அநாதை நிலையத்துக்குக் கடைகால் இடப்பட்டது. அவர் உண்டியை மட்டும் நோக்கி அமர்ந்திருந்தாரல்லர். மருந்துசாலை அமைத்தார், அச்சுக்கூடமும் புத்தகசாலையும் நிறுவினார், அவற்றின் ஊதியத்தைச் சிறுவர்க்கே பயன்படுத்தினார். 1727-இல் அவர் இறக்கும்போது அப்பள்ளிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயின்றனர்.

இந்நகரினின்று இரு கிளைகள் புறப்பட்டன. ஒன்று இங்கிலாந்து சென்றது. மற்றொன்று தமிழகம் வந்தது. காலத்தால் பிந்தியதாயினும் இங்கிலாந்து சென்றதை முதலில் கூறுவோம்.

1805-இல் பிறந்த ஜார்ஜ் முல்லரின் தந்தை வரி தண்டும் உத்தியோகத்தர். கைச்செலவுக்கு அவர் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பார். மகனோ பொய்க் கணக்கு எழுதிக் காட்டுவான். அரசாங்கத்துக்குரிய வரிப் பணத்தையே அவன் திருடியதும் உண்டு. இவற்றை முல்லரே பிற்காலத்தில் தம் வரலாற்றில் எழுதி வைத்தார். ஹாலேயில் கல்வி பயின்ற காலத்தில் மனந்திரும்பிய அவர், பிராங்கேயின் அநாதை நிலையத்திலேயே ஏழை மாணவர்க்குரிய இலவச அறையில் சிலகாலம் தங்கினார். 1836-இல் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் ஒன்று திறந்தார். எம்மனிதரிடமும் பொருள் கேட்பதில்லை, கடன் வாங்குவதுமில்லை என்பது அவர் விரதம். 1870-க்குள் ஐந்து பெரிய மனைகள் எழுந்தன. அவற்றில் 2,050 சிறுவர்க்கு இடமிருந்தது. 1898-இல் அவர் மறையும்வரை அவர் மேற்கொண்ட பல பணிகளுக்குமாக 14 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட தொகை அவர் கைவழிச் சென்றது. பொய்க் கணக்கு எழுதிய அக்கை, வந்த ஒவ்வொரு காசையும் குறித்து, ஆண்டுதோறும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டது. அவர் வாழ்வின் பெரு மாற்றம் இதுவே என்பது எம் கருத்து.

ஆண்டறிக்கை அச்சிட்டதே ஒரு வகை விண்ணப்பந்தான் என்று ஐயுறுவோர் உளர். இவ்வினா நியாயமானதே. அறிக்கையைப் படித்தோர் மனமிரங்கிக் கொடுத்திருப்பர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் 1841-ஆம் ஆண்டின் இறுதியில், நிலையம் பெரும் நெருக்கடியில் இருந்தபோது, அறிக்கையை வெளியிடின் அது யாசகமாகும் என்று அஞ்சி அதனை அவர் ஒத்திவைத்தார். தேவன் கொடுப்பார் என்று நம்பியவர், கொடுத்தவர் கணக்குக் கேட்பதற்கு முன்னரே கணக்கு ஒப்புவித்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இனி, தமிழகம் வந்த கிளையைக் காண்போம். 1706-இல் சீகன்பால்கு ஐயர் ஹாலேயின் தொடர்போடு தரங்கம்பாடி வந்திறங்கினார். அவர் வழியில் 1750-இல் வந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் நெடுங்காலம் உழைத்து, 1798-இல் தஞ்சையிலேயே உயிர்நீத்தார். 1780-இல் ஐதர் அலியின் படை கர்நாடகத்தில் புகுந்தது, தஞ்சை நாடு பாழாயிற்று, பஞ்சம் பரவிற்று. சுவார்ட்ஸோ நெல் மலிவாயிருந்த காலத்திலேயே வாங்கிச் சேமித்து வைத்திருந்தார். அதனைக் கொண்டு பசித்தோர் பலர்க்கு உணவளித்தார். யோசேப்பின் வழி இதுவன்றோ!

இதனினும் பெரியது பின்னர் நிகழ்ந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் சிப்பாய்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். நாட்டுப்புறத்தில் தானியம் இல்லாமலில்லை. அதனைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. காரணம் யாது? மாடு கொடுத்த குடிகளுக்குச் சேரவேண்டிய கூலியைத் துபாஷிகள் தாமே விழுங்கினர். ஆகவே குடிகள் அதிகாரிகளை நம்ப மறுத்தனர். தங்கள் அனைவர்மீதும் மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டனர், சுவார்ட்ஸையாயினும் நம்புகின்றனரா எனப் பார்ப்போம் என்று மன்னரே கூறும் நிலை உண்டாயிற்று. சுவார்ட்ஸ் நாற்புறமும் கடிதம் விடுத்தார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவரிடம் சிக்கும் மாட்டுக்கும் விலை தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியாரும் பிற கிறிஸ்தவரும் உயிருக்கு அஞ்சாது நாட்டுக்குள் சென்று 80,000 கலம் தானியம் கொண்டுவந்தனர். கோட்டை பிழைத்தது. முடிவில் பிறர் தம்மிடம் வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கூலி முழுவதையும் கொடுத்து, சிறு வெகுமதியும் அளித்து அவர்களை அனுப்பினார்.

நேயர்களே, இந்நிகழ்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குவீர்களாக. மழை பெய்தது, நிலம் விளைந்தது, களஞ்சியத்தில் நெல் இருந்தது. தேவன் அளிக்கவில்லை என்று எவரும் கூறுதற்கில்லை. எனினும் கோட்டைக்குள் மனிதர் பட்டினியால் மாண்டனர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்பது இதுவே. விளைச்சலுக்கும் வயிற்றுக்கும் இடையே நின்றது உழைப்பாளியின் கூலியைத் திருடிய கை. அதனை விலக்கியது, சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரார் அறிந்திருந்த ஒருவர் பெயர். அப்பெயர் ஒரு நாளில் உண்டானதன்று. பல ஆண்டுகள் சிறு காரியங்களில் நேர்மையாய் நடந்ததன் பலன் அது.

எல்லாம் தேவன் பார்த்துக்கொள்வார் என்பதைப் பட்டினி கிடப்பவனிடம் சொல்வது எளிது. அவன் கூலியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வது அதனினும் எளிது. அவ்வாறு சொல்வோர் தம் சோம்பலுக்கும் களவுக்கும் தேவனையே சாட்சியாக நிறுத்துகின்றனர். மேற்கூறிய மூவரும் அவ்வசனத்தை மறுத்தாரல்லர். பிறரினும் உறுதியாகவே நம்பினர். நம்பியதனாலேயே வரவு எழுதினர், செலவு எழுதினர், கூலியை எண்ணிக் கொடுத்தனர். ஆலயத்திலாயினும் சங்கத்திலாயினும் பிறர் பொருளைக் கையேற்று நிற்போர் யாவரும் உக்கிராணக்காரரே. நன்றி கூறும் நாள் ஒன்று அவர்க்கு உண்டெனின், கணக்கு ஒப்புவிக்கும் நாளும் ஒன்று உண்டு.