ஊர் ஒன்று, தாதர் இரண்டு

மும்பையில் வாழும் தமிழன்பர்களுக்கு மாட்டுங்காவை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அப்பெயரால் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு: மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா, மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு. அடுத்துள்ள தாதரிலும் இரு நிலையங்கள் அருகருகே நிற்க, நடைபாலமே அவற்றை இணைக்கிறது. ஊர் ஒன்றாயிருக்க நிலையங்கள் இரண்டானது ஏன்?

1853 ஏப்ரல் 16இல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 21 மைல் தூரம் வண்டி விட்டது ஜி.ஐ.பி. கம்பெனி. அதன் நோக்கம் தக்காணத்துப் பருத்தி. குஜராத்துப் பருத்தியை நாடி 1855இல் தோன்றியது பி.பி. அண்டு சி.ஐ. கம்பெனி. இரண்டுக்குமே மூலதனத்தின்மேல் நூற்றுக்கு ஐந்து வீதம் வருவாய்க்கு உத்தரவாதம் இருந்தது. இலாபம் இவ்வாறு உறுதியாகிவிட்ட பின், பக்கத்துக் கம்பெனியோடு கூடி ஒரே நிலையம் அமைக்கும் கவலை யாருக்கு வரும்? சரக்குக்காகப் போட்ட பாதையில் பிரயாணி பின்னால் வந்து சேர்ந்தவன். அவன் வசதியை எவரும் கருதவில்லை என்றே தோன்றுகிறது.

மின்சாரம் வந்தபோது நிலைமை சற்று மாறியது. ஜி.ஐ.பி. 1925இலும், மற்றது 1928இலும் மின்வண்டி ஓட்டின. இரண்டும் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தையே கையாண்டன. ஆக, மின்கம்பியில் ஒற்றுமை ஏற்பட்டது. பிரயாணிக்கோ நடைபாலம் அப்படியே இருந்தது.

சாலையில் கதை வேறு. டிராம் நடத்திய கம்பெனியே 1926இல் பஸ்ஸும் விட்டது. 1947 ஆகஸ்டில் இரண்டையும் மின்விநியோகத்தோடு சேர்த்து நகராட்சி ஏற்றுக்கொண்டது. எனவே, 1964 மார்ச் 31இல் கடைசி டிராம் நின்றபோது, பஸ்ஸை நடத்தியதும் அதே ஸ்தாபனம்தான். 'தாதர் டி.டி.' என்று இன்றும் மக்கள் சொல்வது, அந்த டிராம் முனையத்தின் பெயரைத்தான்.

ரயில்வேயிலும் கம்பெனிகள் மறைந்து, 1951 நவம்பர் 5இல் மத்திய, மேற்கு ரயில்வேக்கள் அமைந்தன. உடைமையாளர் ஒரே சர்க்கார், நிர்வாகம் இரண்டு. தாதரில் முதலாம் பிளாட்பாரமும் இரண்டாகவே நீடித்தது. சென்னையிலிருந்து தாதர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவருக்கு, 'முதலாம் பிளாட்பாரம் எங்கே?' என்று கேட்டால், 'எந்த ரயில்வேயில்?' என்ற எதிர்க்கேள்விதான் கிடைத்திருக்கும். 2023 டிசம்பரில்தான் மேற்குப் பகுதிக்கு 1 முதல் 7 வரையும், மத்தியப் பகுதிக்கு 8 முதல் 14 வரையும் தொடர் எண்கள் இடப்பட்டன.