துறைமுகத் தொழிலாளரும் பசுமைத் திறன்களும்: சென்னை, தூத்துக்குடி அனுபவம்

காற்றையும் கடலையும் கெடுக்காமல் துறைமுகத்தை இயக்கத் தேவையான தொழிலறிவே இன்று பசுமைத் திறன் எனப்படுகிறது. பெயர்தான் புதிது. வேலைமுறை முதலில் மாறுவதும் பயிற்சி பின்னால் வருவதும் துறைமுகங்களில் பழைய கதை.

சென்னைத் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். கப்பலின் அடித்தளத்தில் மூட்டை அடுக்குவதும், விஞ்ச் இயக்குபவருக்குக் கைச்சைகை காட்டுவதும் மூத்தவரைப் பார்த்துக் கற்ற வேலைகள். அன்றாடக் கூலிகளாக அலைந்தவர்களைப் பதிவுசெய்து முறைவைத்து வேலை தர 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1983இல் அங்கே கொள்கலன் முனையம் வந்தது. ஒரு குழு நாள் முழுதும் சுமந்ததைக் கிரேன் ஒரே தூக்கில் தூக்கியது. கிரேன் இருக்கையோ சிலருக்கே கிடைத்தது.

அடுத்த அடி சுற்றுச்சூழல் பக்கத்திலிருந்து வந்தது. நிலக்கரி, இரும்புத்தாதுத் தூசியால் வடசென்னை மக்கள் பட்ட பாடு நீதிமன்றம் சென்றது. அவற்றைச் சென்னைத் துறைமுகத்தில் கையாள்வதை நிறுத்தும்படி 2011இல் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. தீர்ப்பு சரியானதே என்பது என் கருத்து. மக்கள் மூச்சுவிட வேண்டுமல்லவா? ஆனால் சரக்கு இடம்பெயர்ந்த எண்ணூரில் நிலக்கரியைக் கன்வேயர் பட்டைகளே கொண்டுசென்றன. அங்கே அத்தனை கைகள் தேவைப்படவில்லை.

இப்போது தூத்துக்குடியின் முறை. 1974இல் பெருந்துறைமுகமான இது, பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று துறைமுகங்களில் ஒன்று. 2023ஆம் ஆண்டின் ‘ஹரித் சாகர்’ வழிகாட்டுதல்கள், ஒரு டன் சரக்குக்கு வெளியாகும் கரியமிலத்தை 2030க்குள் 30 விழுக்காடும் 2047க்குள் 70 விழுக்காடும் குறைக்க வேண்டும் என்கின்றன.

இதற்குத் தொழிலாளி எதைக் கற்க வேண்டும்? கரைமின்சாரத்தைப் பாருங்கள். கரையில் நிற்கும் கப்பல் தன் டீசல் ஜெனரேட்டரை அணைத்துவிட்டுத் துறைமுகத்திலிருந்து மின்சாரம் பெறும் ஏற்பாடு அது. பெரிய கப்பல்களுக்கு 6,600 அல்லது 11,000 வோல்ட் தேவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல கப்பல்களில் 60. ஆகவே இடையில் மாற்றி வேண்டும். புவியிணைப்பைச் சரிபார்க்காமல் கேபிளைத் தொட்டால் உயிர் போகும். கயிறு கட்டிப் பழகிய கைக்கு இது வேறு உலகம்.

அம்மோனியா இன்னும் கடினம். ஹைட்ரஜனைக் கப்பலில் அனுப்ப அதை அம்மோனியாவாக்குவது ஒரு வழி. கசிந்த ஆவியை நீர்த்தூவலால் அடக்கலாம். ஆனால் தேங்கிக் கிடக்கும் திரவ அம்மோனியாவில் நீரைப் பாய்ச்சினால் ஆவி பெருகும். கசிவைக் கண்டதும் குழாயைத் திருப்பிவிடும் பழக்கமே இங்கே ஆபத்தாகிவிடும்.

படிப்பு இல்லாமல் இல்லை. 2008இல் உருவான இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் பட்டப்படிப்பு அதிகாரிகளை உருவாக்கும். கொள்கலனைப் பிணைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் டிரெய்லர் ஓட்டுநருக்கும் துறைமுகத்திலேயே, தமிழில், செய்துகாட்டும் வகுப்புகள் வேண்டும். அவரை வேலைக்கு வைத்தவர் ஒப்பந்ததாரர், இடம் துறைமுகத்துடையது, இயந்திரம் தனியார் முனையத்துடையது. வகுப்புக்குப் போகும் நாளின் கூலியை இம்மூவரில் யார் தருவது என்பதைத்தான் முதலில் எழுதிவைக்க வேண்டும்.