அச்சயா, கே. டி.

(1923–2002) எண்ணெய் வேதியியல் அறிஞர். இந்திய உணவு வரலாற்றாசிரியர். பிறந்த ஊர் கொள்ளேகால். அன்று அது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஐதராபாத் வட்டார ஆராய்ச்சிக்கூடத்தில் எண்ணெய் வித்துக்களை ஆராய்ந்தார். 1994-இல் வெளிவந்த ‘இந்தியன் ஃபுட்: எ ஹிஸ்டாரிக்கல் கம்பானியன்’ அவரது தலைசிறந்த நூல். அகழாய்வில் கிடைத்த தானியங்களையும் வடமொழி நூல்களையும் சங்கப் பாடல்களையும் அதில் சான்றாக்கினார்.

இட்லி பற்றிய அவரது கருத்து இன்றும் விவாதத்துக்குரியது. 10-ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான ‘வட்டாராதனெ’ சொல்லும் ‘இட்டலிகெ’யில் அரிசி சேர்ப்பது, மாவைப் புளிக்கவைப்பது, ஆவியில் அவிப்பது மூன்றும் இல்லை என்று காட்டினார். அவை சேர்ந்த இன்றைய முறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்றார். முடிவை ஏற்காதவர்களும், அன்றாடப் பலகாரத்துக்கும் சான்று கேட்ட அவரது நேர்மையை மதிக்க வேண்டும். அவரது இந்திய உணவு வரலாற்று அகராதி 1998-இல் வெளியானது.