ஊற்றுகள் இட்ட வழி

ஆஸ்திரேலியாவின் தென்கரையில் குளிர் மிகும் ஜூன், ஜூலை மாதங்களில், அடிலெய்டிலும் மெல்போர்னிலும் வாழும் குடும்பங்கள் பல, குழந்தைகளையும் சமையல் சாமான்களையும் தண்ணீர்க் கலன்களையும் ஏற்றிக்கொண்டு, காருக்குப் பின்னால் கேரவன் என்னும் வீட்டு வண்டியைப் பூட்டி, தேசத்தின் நடுவே விரிந்து கிடக்கும் செம்மண் பாலையை நோக்கிப் பிரயாணம் புறப்படுகின்றன. வடக்கே செல்வதற்கு ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை என்னும் நேரான தார்ச்சாலை உண்டு. ஆயினும், அவசரமில்லாதவர்கள் மரீ என்னும் சிற்றூரில் தொடங்கி, ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டர் செல்லும் மண்சாலையையே நாடுகிறார்கள். புழுதியும் குலுக்கலும் நிறைந்த அந்தச் சாலை, மழை பெய்தால் நாட்கணக்கில் மூடப்படுவதும் உண்டு. இருந்தும், அதன் சரித்திரத்தை அறிந்தவர் எவரும் அந்தத் தேர்வை மெச்சாமல் இருக்க இயலாது.

அச்சாலை வளைந்து செல்வதற்குக் காரணம் தண்ணீர். அக்கண்டத்தின் அடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பரப்புக்குப் பரவியுள்ள பெரிய ஆர்ட்டீசியன் நீர்ப்படுகை, தன் தென்மேற்கு ஓரத்தில் பாறைப் பிளவுகளின் வழியே மேலெழுந்து, கத்தி தண்டா என்று ஆதிகுடிகள் அழைக்கும் ஐர் ஏரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. நீரில் கரைந்த தாதுக்கள் யுகயுகமாகப் படிந்து, ஒவ்வோர் ஊற்றையும் சுற்றி ஒரு சிறு மேட்டை எழுப்பியிருக்கின்றன. ஆண்டு முழுவதும் மழையே காணாத பருவங்களிலும் வற்றாத இந்த ஊற்றுகளைத் தங்கள் ஜீவாதாரமாகக் கொண்டு வாழ்ந்தவர்கள் அரபானா மக்கள். பிளிண்டர்ஸ் மலைகளில் கிடைக்கும் செங்காவிக்காக வடக்கே நெடுந்தொலைவிலிருந்து நடந்து வந்த வேற்றுக் குடியினரும், திரிகைக் கற்களையும், புகையிலை போல மெல்லப்படும் பிட்சுரி இலையையும் பண்டமாற்றுச் செய்தவர்களும் இவ்வூற்று வரிசையைப் பற்றியே போய்வந்தார்கள். வெள்ளையர் கால் படுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இது ராஜபாட்டையாக இருந்தது.

1859 முதல் மீண்டும் மீண்டும் இப்பிரதேசத்தில் புகுந்த ஜான் மக்டோல் ஸ்டூவர்ட் என்னும் நாடாய்வாளர், ஊற்றிலிருந்து ஊற்றுக்குத் தாவியே முன்னேறி, 1862 ஜூலை 24-ஆம் தேதி வடகடலைக் கண்டார். அவர் சென்ற திசையையே பெரிதும் அனுசரித்து, சார்லஸ் டாட் என்பவரின் தலைமையில் 1870-இல் தொடங்கிய தந்திப் பாதை, ஏறத்தாழ 36,000 கம்பங்களும் 3,200 கிலோமீட்டர் கம்பியுமாக, 1872 ஆகஸ்டில் முற்றுப்பெற்றது. இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. லண்டனிலிருந்து புறப்பட்ட செய்தி பம்பாயில் கரையேறி, தரைவழியே சென்னைக்கு வந்து, மறுபடியும் கடலில் இறங்கி, பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா ஆகியவற்றைக் கடந்து டார்வினை அடைந்து, அதன்பின் இந்தப் பாலையின் கம்பிகளில் ஓடியே அடிலெய்டைச் சேர்ந்தது.

கம்பியைத் தாங்கும் கம்பங்களையும், காவலிருந்த மனிதருக்கு வேண்டிய மாவையும் தேயிலையையும் யார் சுமந்தார்கள்? குதிரையும் எருதும் தண்ணீரின்றி மடிந்த இடங்களில் ஒட்டகம் ஒன்றே நிலைத்தது. 1866-இல் தாமஸ் எல்டர் என்னும் செல்வந்தர் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களையும், அவற்றை நடத்தத் தெரிந்த ஆட்களையும் போர்ட் அகஸ்டாவில் இறக்கினார். பலூசிஸ்தானத்தார், சிந்திகள், பஞ்சாபியர், எல்லைப்புறப் பட்டாணியர் என்று பலவாறாக இருந்த அவர்கள் யாவரையும் அந்நாட்டார் ‘ஆப்கானியர்’ என்ற ஒரே பெயரால் குறித்தார்கள். பெரும்பாலோர் மனைவி மக்களைத் தாய்நாட்டில் விட்டுவிட்டு, சில ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். வலுவுள்ள ஆண் ஒட்டகம் ஒன்று அரை டன்னுக்குக் குறையாத பாரத்தைச் சுமந்தது. மாவும் சர்க்கரையும் இரும்பும் உள்ளே சென்றன, ஆட்டுரோமப் பொதிகள் திரும்பி வந்தன.

1884-இல் ரயில் மரீயை எட்டியபோது, அவ்வூர் ஒட்டக வர்த்தகத்தின் கேந்திரமாயிற்று. இருப்புப்பாதைக்கு ஒரு பக்கத்தில் ஐரோப்பியர் வாழ, மறுபக்கத்தில் ஒட்டகக்காரர்களும் ஆதிகுடிகளும் ஒதுக்கப்பட்டார்கள். அந்த மறுபக்கத்தில்தான் மண்சுவர் எழுப்பி, அதன்மேல் கூரை வேய்ந்து, வாசலில் சிறு குளம் வைத்து ஒரு பள்ளிவாசல் தோன்றியது. பேரீச்ச மரங்களும் தோன்றின. 1873-இல் உலூரு என்னும் பெரும்பாறையின் உச்சிக்கு வில்லியம் காஸ் ஏறியபோது அவருடன் ஏறியவர் கம்ரான் என்ற ஒட்டகக்காரர். 1896-இல் கால்வெர்ட் ஆராய்ச்சிப் பயணத்தில் சென்ற பலூசிஸ்தானத்துப் பெஜா தர்வேஷின் தீரத்தைப் போற்றி, தலைவர் வெல்ஸ் தமது திசைகாட்டியையே அவருக்குப் பரிசளித்தார். ஸ்டூவர்ட்டின் பெயரில் நெடுஞ்சாலையும், டாட்டின் பெயரில் ஓர் ஆறும், அவர் மனைவி ஆலிஸின் பெயரில் ஒரு நகரமும் இருக்கும் நாட்டில், கம்ரானின் பெயரைப் பயணிகளில் எத்தனை பேர் அறிவார்கள்? இதை நான் பெரும் அநீதியென்றே கருதுகிறேன்.

அநீதி அத்துடன் நிற்கவில்லை. 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஒட்டி எழுந்த வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை, அரை ஆயுளை அப்பாலையில் கழித்தவர்களுக்கும் குடியுரிமையை மறுத்தது. 1908-இல் ஹாரி டட்டனும் மர்ரே ஆங்கரும் அடிலெய்டிலிருந்து டார்வினுக்கு முதன்முதலாக மோட்டார் காரில் சென்று சேர்ந்தனர்; பின்னர் லாரிகள் பெருகின. ஒட்டகங்கள் சுமந்து கொடுத்த சாமான்களையும் கொண்டு நீட்டப்பட்ட ரயில், 1929-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸை அடைந்தது. தெற்கு ஆஸ்திரேலிய அரசாங்கம் 1925-லேயே ஒட்டகங்களைக் கொல்ல வகை செய்யும் சட்டத்தை இயற்றியிருந்தது. பிள்ளைகளைப் போல் வளர்த்த பிராணிகளைச் சுட மனம் ஒவ்வாத பலர், அவற்றைப் பாலையில் அவிழ்த்து விட்டார்கள்.

உல்லாசப் பிரயாணம் வந்தது இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னரே. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே ராணுவம் அவசர அவசரமாகப் போட்ட சாலை, 1945-இல் தொழிலாளருக்குக் கிடைத்த இரண்டு வார ஊதிய விடுமுறை, 1948-இல் வெளிவந்த ஹோல்டன் கார், 1950-இல் நீங்கிய பெட்ரோல் பங்கீடு ஆகிய யாவும் கூடியே சாமானியக் குடும்பத்தைப் பாலைக்கு அழைத்துச் சென்றன. லென் பீடெல் என்னும் சாலை நிர்மாணிப்பாளரோ, 1962-இல் தம் மனைவி ஆனையும் கைக்குழந்தை கானி சூவையும் உடனழைத்துச் சென்று பாலைநடுவே சாலை வெட்டினார். அச்சாலைக்குக் குழந்தையின் பெயரே நிலைத்தது. ஆனால் அவர் வெட்டிய சாலைகள் ஏவுகணைச் சோதனைகளின் பொருட்டு எழுந்தவை. அவர் தேர்ந்து கொடுத்த ஈமு, மரலிங்கா வெளிகளில் பிரிட்டன் அணுகுண்டுகளை வெடித்தபோது, அங்கே வழிவழியாக வாழ்ந்தவர்கள் தங்கள் மண்ணை விட்டு விரட்டப்பட்டார்கள்.

1980-இல் ரயில் மேற்கே புதிய பாதைக்கு மாற்றப்பட்டது. 1987-இல் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுவதும் தார் பெற்றது. பழைய ஊற்று வழியில், அல்ஜிபக்கினா என்னுமிடத்தில், நீல்ஸ் ஆற்றின்மேல் 578 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பாலம் மட்டும் ரயிலின்றி நிற்கிறது; கேரவன் குடும்பங்கள் அதன் அருகில் கூடாரமடித்துத் தங்குகின்றன. ஊற்றுகளுக்கோ வேறொரு நலிவு நேர்ந்தது. ஆட்டுப்பண்ணைகளும் மாட்டுப்பண்ணைகளும் தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பல பத்தாண்டுகள் மூடியில்லாமல் வழிந்தோடிய நீரால், நிலத்தடி அழுத்தம் குறைந்து, ஊற்றுகள் சில வற்றின. 1999 முதல் அரசாங்கங்கள் அக்கிணறுகளுக்கு மூடியிட்டும், திறந்த வாய்க்கால்களைக் குழாய்களாக மாற்றியும் வருகின்றன. அழுத்தம் பல இடங்களில் மீண்டிருக்கிறது. 2012-இல் நீதிமன்றம் அரபானா மக்களின் பூர்வீக நில உரிமையை ஒப்புக்கொண்டது. ஊற்று மேடுகளை மிதித்துச் சிதைக்காதிருக்க இட்ட பலகைப் பாதையில், வண்டியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுடன் நடந்து செல்பவர்கள், அரபானா மக்களுடைய மண்ணில்தான் நடக்கிறார்கள்.