பிள்ளை வரமும் கழுத்துச் சுரப்பியும்

விவாகமாகி நாலைந்து வருஷம் கழிந்தும் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லையே என்று ஊரார் கேட்கத் தொடங்கிய பெண்ணுக்கு, அருப்புக்கோட்டைச் சீமையிலும் அதற்குக் கிழக்கே குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழியிலும், நம் பாட்டிமார் காலம் வரையில் வகுக்கப்பட்டிருந்த சிகிச்சை பெரும்பாலும் பிரார்த்தனையே. அரசமரத்தடி நாகரைச் சுற்றுவார்கள். கிளையில் பழஞ்சேலைத் துணியால் தொட்டில் கட்டுவார்கள். கையில் நாலு காசு உள்ளவர்கள் இராமேசுவரம் போய் அக்கினி தீர்த்தத்தில் நீராடி வருவார்கள். எதுவும் பலிக்காவிட்டால் கணவனுக்கு மறுதாரம். சில வீடுகளில் அவளுடைய சொந்தத் தங்கையே இளையாளாக வந்து சேர்ந்தாள். 1949ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டமும் 1955இன் இந்து விவாகச் சட்டமும் மறுதாரத்தைத் தடுத்தன. வளைகாப்பு வீட்டில் அவளைப் பின்னே ஒதுக்கிய வழக்கத்தை எந்தச் சட்டம் தொட்டது?

பழி முழுவதும் அவள் வயிற்றின் மீதே விழுந்த அக்காலத்தில், குரல்வளைக்குக் கீழே ஒட்டிக் கிடக்கும் தைராய்டு என்னும் சிறு சுரப்பிக்கும் அதில் பங்கிருக்கலாம் என்று எவரும் எண்ண நியாயமில்லை. இங்கிலாந்திலேயே, அச்சுரப்பி குன்றிய ஒரு பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தி ஜார்ஜ் மரே குணங்கண்டது 1891இல்தான்; அது சுரக்கும் தைராக்ஸினைக் கெண்டல் பிரித்தெடுத்ததோ 1914இல். சுரப்பி மந்தப்படும்போது, அதை முடுக்குவதற்காக மூளையிலிருந்து எழும் தூண்டுதல் மிகுந்து, கூடவே பால்சுரப்புக்குரிய புரோலாக்டினும் ஏறி, கருமுட்டை மாதந்தோறும் முதிர்ந்து வெளிவரும் கிரமம் குலைகிறது. தீட்டு தள்ளிப்போகிறது, அல்லது அளவுக்கு மிஞ்சிப் படுகிறது. தரித்த கரு கலைவதும் உண்டு. ‘உடம்பு ஊதிக்கொண்டே போகிறது, எந்நேரமும் அசதி, வேலைக்கு வளைவதில்லை’ என்று மாமியார் திண்ணையில் சொன்ன குறையையெல்லாம் இன்றைய வைத்தியர் கேட்டால் நோயின் குறிகளாகவே எழுதிக்கொள்வார்.

சுரப்பி தொழிற்பட அயோடின் வேண்டுமாதலால் உப்பையும் இங்கே பேசவேண்டும். தூத்துக்குடி, வேம்பார் அளங்களின் கல்லுப்பை உண்டு வளர்ந்த சீமை இது. கடல் உப்பில் அயோடின் இராதா என்று கேட்பவர்கள், பாத்தியில் உப்பு திரளும்போது கடல்நீரின் அயோடினில் அற்ப சொற்பமே அதோடு வருகிறது என்பதை அறியார். அத்துடன், மானாவாரிக் கரிசலின் நித்திய ஆகாரமாயிருந்த கம்பில் தைராய்டின் தொழிலைத் தடுக்கும் பொருள்கள் உண்டென்று, ஸூடானின் டார்ஃபூர்ப் பிரதேசத்துக் கழுத்துக் கழலை நோயை ஆராய்ந்தவர்கள் 1980களில் எடுத்துக்காட்டினார்கள். இதைக் கொண்டு கம்பங்கூழைத் தூற்றுவது தகாது. அயோடின் வற்றிய உடம்பில்தான் அந்தத் தடை வலுக்கிறது. ஆயினும் அந்த உப்பும் அந்தக் கூழும் ஒரே கலயத்தில் கலந்த தலைமுறைகளில், வேறு தோஷம் ஏதுமின்றிச் சுரப்பி தளர்ந்தே மலடி என்று பேர் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் அநுமானம்.

இமயச் சாரலின் காங்கிரா பள்ளத்தாக்கில் வி. இராமலிங்கசுவாமி 1956இல் தொடங்கிய ஆராய்ச்சி, அயோடின் சேர்த்த உப்பால் கழலை குறைவதை மெய்ப்பித்தது. 1962இல் பிறந்த தேசியத் திட்டம் இமயமலை அடிவாரத்தையே முதலில் நோக்கியது. அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்கலாகாது என்ற தடை, இடையில் ஒருமுறை நீக்கப்பட்டு, 2006இல் மீண்டும் வந்தது. இன்றோ, சுரப்பி மந்தப்படுவதற்கு உடம்பின் காப்புச் சக்தியே அதைத் தாக்கும் வியாதிதான் முக்கிய காரணம். ஜப்பானியரான ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தது அது.

நாகர் மேடைக்கு அவள் தனியே போனது போலவே இரத்தப் பரிசோதனைக்கும் பல வீடுகளில் அவளே முதலில் அனுப்பப்படுகிறாள். கணவனின் விந்துப் பரிசோதனை ஒத்திப்போடப்படுகிறது. குறை தைராய்டில்தான் என்று தெரிந்தால் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. நாள் தள்ளிப்போனதும் நேர்த்திக்கடன் தீர்ந்ததென்று அதை நிறுத்திவிடுபவர்களும் உண்டு. சிசுவின் சொந்தச் சுரப்பி வேலை தொடங்கும்வரை முதல் மூன்று மாதமும் தாயின் தைராக்ஸினையே அது நம்பியிருப்பதால், வைத்தியர்கள் அப்போதுதான் மாத்திரையின் அளவைக் கால் பங்குக்குக் குறையாமல் கூட்டுகிறார்கள்.