சுண்ணாம்புச் சுவரும் முதிரை அலுமாரியும்

பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார் எழுதி 1672இல் அம்ஸ்ரர்டாமில் அச்சான நூலில், யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் பலவற்றின் செப்புத்தகட்டுப் படங்கள் உள்ளன. வட்டுக்கோட்டையும் அவற்றில் ஒன்று. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் பதித்த படம், வேறு நிறம் கிடையாது. சுவரைப் பொறுத்தவரை அதனால் பெரிய நட்டமில்லை. அக்காலத்தில் குடாநாட்டில் கல்லால் எழுந்த சுவருக்குப் பூசக் கிடைத்தது சுண்ணாம்புதான்.

குடாநாடே ஒரு சுண்ணக்கல் பாறை. கிணறு வெட்டினால் கல், வயலைத் திருத்தினால் கல். கரையோரத்தில் முருகைக்கல். கட்டுவதற்கும் அதே கல், சூளையில் சுட்டுச் சாந்தாக்குவதற்கும் அதே கல். சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்துப் பொங்கி நீறும். ஆறவிட்டு, துணியில் வடித்து, நுனியை நாராகத் தட்டிய மட்டையால் சுவரில் இழுப்பார்கள். பூசும்போது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். காயக் காயக் காற்றிலுள்ள கரிவாயுவை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகும்போதுதான் வெள்ளை எழும். தைப்பொங்கல், கோயில் கொடியேற்றம், வீட்டில் கலியாணம் என ஏதாவது ஒன்று வந்துவிட்டால் வெள்ளையடிப்பும் வந்துவிடும்.

வேறு நிறம் வேண்டும் என்று யாரும் ஆசைப்படவில்லையா? ஆசைப்பட்டாலும் சுண்ணாம்பு விட்டுக்கொடுக்காது. அதன் காரம் பல சாயங்களைத் தின்றுவிடும். மஞ்சளைக் கரைத்துப் பார்த்தால் குங்குமச் சிவப்பாகிவிடும் என்பது ஆலத்தி எடுத்த எவருக்கும் தெரியும். அந்தச் சிவப்பும் வெயிலில் நிற்காது. காரத்தைத் தாங்கியவை காவியும் மஞ்சட்காவியும் போன்ற மண்நிறங்கள். பிறகு வந்தது நீலம். பிரான்சில் ழான்-பத்தீஸ்த் கிமே 1820களில் செயற்கை நீலத்தைச் செய்து காட்டியபின், ஒருகாலத்தில் பொன்விலை விற்ற நிறம் சலவைக்குப் போடும் சரக்காக மலிந்தது. வேட்டிக்குப் போட்ட அதே நீலத்தில் ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கும் போனது. அளவாகப் போட்டால் பழுப்பை மறைத்து வெள்ளையைத் தூக்கிக் காட்டும். கை தவறினால் அறை முழுவதும் வான்நீலம். அந்தத் தவறையே விரும்பிச் செய்த வீடுகளும் உண்டு.

இனித் தளபாடம். வன்னிக் காட்டு முதிரை தேன்மஞ்சளாக மினுங்கும். பாலை செங்கபிலம். கருங்காலி பெயருக்கேற்ற கறுப்பு. இந்த மரங்களில் செய்த பெட்டகம், வாங்கு, சாய்மனைக் கதிரை, அலுமாரி ஆகியவை கடையில் பார்த்து வாங்கியவை அல்ல. தச்சர் வீட்டு முற்றத்துக்கு வந்து செய்து கொடுத்தவை, அல்லது சீதனமாக வந்தவை. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. ஒருவர் மேலே படுத்துறங்கக்கூடிய பெரிய பெட்டகம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். சுவர் ஆண்டுதோறும் புதிதாகும், பெட்டகம் தலைமுறை தாண்டியும் அப்படியே இருக்கும். ஆகவே மரத்துக்குப் பொருத்தமாகச் சுவரைத் தேர்வது என்ற கேள்வியே எழவில்லை. வெள்ளைக்கு முன்னால் எந்த மரமும் எடுப்பாகத்தான் நின்றது.

கேள்வி வேறு விதமாக இருந்தது. சுண்ணாம்பு ஒட்டும். அலுமாரியைச் சுவரோடு சாத்தினால் அதன் முதுகு வெளுக்கும், கறையானும் வழி கண்டுபிடிக்கும். எனவே நாலு விரல் இடைவெளி. வாங்கில் சாய்ந்து இருப்பவரின் நல்லெண்ணெய்த் தலை சுவரில் வட்டமாகப் பதியும், அவர் சட்டையில் சுவர் பதியும். இதற்காகத்தான் இடுப்பளவுக்குக் காவியோ கறுப்போ பட்டியாக அடித்தார்கள். மழைத்தெறிப்பும் தலைக்கறையும் அதில் அடங்கிவிடும். அழகு நோக்கம் என்று இன்று சிலர் எழுதுவதுண்டு. கழுவுகிற பெண்களைக் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பார்கள்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களில் மெய்க்ஸும் றிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையில் தங்கி, சிதைந்து கிடந்த பழைய தேவாலயத்தையும் பங்களாவையும் திருத்தினார்கள். 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. 1855இல் அது மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே ஊரில் பிறந்தது. பாயில் இருந்து படித்த ஊருக்கு மேசையும் கதிரையும் புத்தக அலுமாரியும் பழக்கமாயின. இங்கும் சுற்றுவட்டாரத்திலும் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயா ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்து, பென்ஷனோடு திரும்பிக் கல்வீடு கட்டினார்கள். தளபாடம் பெருகியது. சுவர் இன்னும் வெள்ளைதான்.

மாற்றம் சீமெந்தோடு வந்தது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியபின் சீமெந்துப் பூச்சு ஊர்வீடுகளுக்கும் எட்டியது. அதன்மேல் டிஸ்டெம்பர், பிறகு பிளாஸ்ரிக் எமல்ஷன். ரோஸ், பச்சை, கிறீம் எல்லாம் தகர வாளியில் கிடைத்தன. அதே காலத்தில் இரும்பு அலுமாரியும் போர்மைக்கா மேசையும் நுழைந்தன. கலர் அட்டையை விரித்து, எது எதற்கு எடுக்கும் என்று வீட்டார் விவாதிக்கத் தொடங்கியது அப்போதுதான். நாலு விரல் இடைவெளியும் தேவையற்றுப் போனது.

1990இல் போரால் தொழிற்சாலை நின்றது. சீமெந்து தடைசெய்யப்பட்ட பொருளானது. 1995 ஒக்ரோபர் 30இல் வட்டுக்கோட்டை அடங்கிய வலிகாமமே இரவோடிரவாக எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, தூக்க முடியாத பெட்டகங்கள் வீடுகளில் நின்றன. அடுத்த ஆண்டு திரும்பியவர்களில் பலர் வெறும் சுவரைத்தான் கண்டார்கள்.

போர் முடிந்தபின் வீடுகள் திருத்தப்படுகின்றன. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உரிமையாளர் போனில் கலரைத் தெரிவு செய்கிறார்; மிஞ்சிய முதிரை அலுமாரி பொலிஷ் போட்டு மண்டபத்துக்கு வருகிறது. அங்கேதான் சிக்கல். முதிரையின் மஞ்சளுக்குப் பின்னால் கிறீம் அடித்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். நீலச் சாயல் கலந்த வெள்ளைதான் அந்த மரத்தை முன்னே தள்ளும். பாலையும் கருங்காலியும் அவ்வளவு கறாரில்லை. கிறீமையும் பொறுக்கும்.

நிறத்துக்கு முன்னால் இன்னொன்று. பழைய கற்சுவர் மாரியில் ஈரத்தை உள்வாங்கிக் கோடையில் வெளிவிடும். சுண்ணாம்பு அதற்கு வழிவிட்டது. பிளாஸ்ரிக் பெயின்ற் மூடிவிடும், உப்புப் பூத்துக் கொப்புளமாக உரியும். அனுபவமுள்ள பெயின்ரர் சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பார். கை வெளுத்தால் முழுச்சுவரையும் சுரண்ட வேண்டும் என்பார். அந்தக் கூலி பெயின்ற் விலையையே தாண்டலாம்.